பூசாத சுவர்

திருவனந்தபுரம் தம்பானூரில், ரயில் நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் பக்கத்தில் ஒரு காபி ஹவுஸ் இருக்கிறது. செங்கல்லைச் சுருட்டி நிறுத்தி வைத்த மாதிரி ஒரு சிவப்புக் கட்டடம். உள்ளே மாடி என்று தனியாக எதுவும் கிடையாது, தரையே சுற்றிச் சுற்றி மேலே ஏறிக்கொண்டிருக்கும், வெளிச்சுவரை ஒட்டிக் கட்டியே வைத்த மேசைகள், சுவர் முழுக்க ஓட்டை ஓட்டையாக வெளிச்சம். 2003ல் டிப்ளமோ சிவில் முடித்து அந்த ஊரில் ஒரு சின்ன கட்டுமான நிறுவனத்தில் சைட் சூப்பர்வைசராகச் சேர்ந்தபோது, திங்கள்கிழமை காலை நாகர்கோவிலிலிருந்து ரயிலில் வந்து இறங்கினால் முதல் காபி அங்கேதான். ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: பாவம், பூச்சு வேலைக்குக் காசு பற்றவில்லை போலிருக்கிறது.

இதை ஒருநாள் எங்கள் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர், அப்போதே ஐம்பதைத் தாண்டியவர், நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். கையிலிருந்த கரண்டியைச் சாந்துச் சட்டியில் வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "தம்பி, அது பேக்கர் சாயிப்பு கெட்டினது. பூசினா ஒளிச்சிரலாம். பூசாம நிக்கணும்னா ஒவ்வொரு கல்லும் நேரா இருக்கணும். உங்க படிப்புல இதெல்லாம் சொல்லித் தரலியா?"

சொல்லித் தரவில்லை. லாரி பேக்கர் என்ற பெயரைக்கூட நான் அதுவரை கேட்டதில்லை. அதே ஊரில், நாலாஞ்சிறையில், அவர் அப்போது உயிரோடு இருந்தார். மூன்று வருடம் அங்கே வேலை பார்த்தும் ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. 2007 ஏப்ரல் 1 அன்று அவர் இறந்த செய்தி வந்தபோது நான் நாகர்கோவிலில் தனியாக வேலை எடுக்க ஆரம்பித்திருந்தேன். அதற்குப் பிறகுதான் அவரைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். எனக்கு எப்போதும் இப்படித்தான், பேருந்து போன பிறகு கை காட்டுவது.

அவர் 1917ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். மெத்தடிஸ்ட் குடும்பம், ஆனால் பதின்ம வயதிலேயே குவேக்கர் ஆகிவிட்டார். குவேக்கர் என்றால் நம் ஆட்களில் பலருக்கு ஓட்ஸ் டப்பாதான் ஞாபகம் வரும், அந்தக் கம்பெனிக்கும் இந்தச் சபைக்கும் பெயரைத் தவிரச் சம்பந்தமில்லை. பதினேழாம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரின் பிரசங்கத்திலிருந்து கிளம்பிய கிறிஸ்தவச் சபை இது, தங்களை 'நண்பர்கள்' என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். பேக்கர் வளர்ந்த இங்கிலாந்தில் இவர்களுக்குப் பாதிரியார் கிடையாது, பீடம் கிடையாது. ஒரு எளிய அறையில் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், உள்ளேயிருந்து ஏதாவது சொல்லத் தோன்றினால் யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம், தோன்றாவிட்டால் ஒரு மணி நேரமும் மௌனம்தான். ஆரம்ப காலத்தில் பெரிய மனிதர் வந்தால் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள். நீதிமன்றத்தில் சத்தியம் செய்ய மறுத்துச் சிறைக்குப் போனவர்கள் உண்டு, ஏனென்றால் சத்தியம் செய்தால்தான் உண்மை பேசுவேன் என்று ஆகிவிடுகிறதே. அந்தக் காலத்தில் கடை வைத்த குவேக்கர்கள் பேரம் பேச மாட்டார்கள், ஒரு பொருளுக்கு ஒரே விலை, குழந்தையை அனுப்பினாலும் அதே விலை. அப்புறம், போருக்கு ஆயுதம் எடுக்க மாட்டார்கள்.

இந்தக் கடைசி விஷயம்தான் பேக்கரை நம் பக்கம் கொண்டுவந்தது. 1937ல் பர்மிங்காமில் கட்டடக்கலை முடித்தவர், இரண்டாம் உலகப்போர் வந்ததும் துப்பாக்கிக்குப் பதிலாக நண்பர்கள் ஆம்புலன்ஸ் பிரிவில் சேர்ந்து சீனாவுக்குப் போனார். போரில் காயம்பட்டவர்களையும் பிறகு தொழுநோயாளிகளையும் கவனிக்கும் வேலை. ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகக் காத்துக்கிடந்த மாதங்களில் காந்தியைச் சந்தித்தார். பேக்கர் போட்டிருந்த, துண்டுத் துணிகளால் செய்த சீனச் செருப்பு காந்தியின் கண்ணில் பட்டு அதிலிருந்து பேச்சு வளர்ந்தது என்று சொல்வார்கள். ஒரு வீட்டுக்கான பொருள் எல்லாம் அந்த இடத்தைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி சொன்னதைப் பேக்கர் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

1945ல் தொழுநோயாளிகளுக்கான ஒரு மிஷனின் கட்டட வேலைக்காக இந்தியா வந்தார். 1948ல் எலிசபெத் ஜேக்கப் என்ற மலையாளி டாக்டரை மணந்து, தேனிலவுக்கு என்று இமயமலையில் பித்தோராகட் போனவர்கள், அங்கேயே கிட்டத்தட்ட பதினாறு வருடம் தங்கிவிட்டார்கள். மனைவி வைத்தியம் பார்க்க, இவர் கூட நின்று உதவிசெய்துகொண்டு கட்டடமும் கட்டினார். பர்மிங்காமில் படித்தது எதுவும் அங்கே செல்லுபடியாகவில்லை. கறையான், மலைச்சரிவு, மழை, சேற்று மண், கருங்கல் இதற்கெல்லாம் பாடப்புத்தகத்தில் பதில் இல்லை, ஆனால் எழுதப்படிக்கத் தெரியாத ஊர்க்காரர்களின் வீட்டில் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். பிறகு கேரளத்தில் வாகமண், அதற்கும் பிறகுதான் திருவனந்தபுரம். நமக்குத் தெரிந்த பேக்கரின் தொழில் வாழ்க்கை தொடங்கும்போது அவருக்கு ஐம்பதுக்கு மேல். எனக்கு இப்போது நாற்பதுக்கு மேல். இந்தக் கணக்கை நான் அவ்வப்போது போட்டுப் பார்த்துக்கொள்வதுண்டு.

1970களின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்ற பகுதியில் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையம்தான் அவர் பெயரை வெளியே கொண்டுபோனது. பொருளாதார அறிஞர் கே. என். ராஜ், அப்போதைய கேரள முதல்வர் அச்சுத மேனன் இருவரும் பின்னால் நின்றார்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தேன், காவலாளி என்னை ஒரு மாதிரி பார்த்தார். மரம் இருந்தால் சுவர் வளைந்து போகிறது. மேடு பள்ளத்தை நிரவாமல் கட்டடம் அதன்மேல் ஏறி இறங்குகிறது. ஜன்னலுக்குப் பதில் பல இடங்களில் செங்கல் ஜாலி, அதாவது கல்லை விட்டு விட்டு வைத்த ஓட்டைச் சுவர், காற்றும் வரும், வெளிச்சமும் வரும், கம்பியும் மரச்சட்டமும் வேண்டாம்.

அப்புறம் எலிப்பொறிக் கட்டு. கட்டப்போகிற எல்லோரும் முதலில் கேட்பது, "எலி வருமா?" வராது. வழக்கமாகச் செங்கல்லைப் படுக்கப் போட்டுக் கட்டுவோம். இதில் நாலரை அங்குல உயரமாகக் குத்துக்கல்லாக நிறுத்த வேண்டும், வெளியே ஒன்று உள்ளே ஒன்று, நடுவில் மூன்று அங்குலப் பொந்து, இரண்டையும் பிணைக்க அடுத்த கல் குறுக்கே. ஒன்பது அங்குலச் சுவரேதான், ஆனால் செங்கல்லில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிச்சம், சாந்தும் குறையும், பொந்துக்குள் நிற்கும் காற்று வெயிலைத் தடுக்கும். கூரையில் ஃபில்லர் ஸ்லாப். வளையும் கான்கிரீட்டில் அடிப்பகுதி இழுவையைத் தாங்குவதில்லை, கம்பிதான் தாங்குகிறது. எனில் அங்கே எதற்குச் சும்மா கான்கிரீட்டை நிரப்ப வேண்டும்? கம்பிகளுக்கு நடுவில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்துவிடு. எடையும் குறையும் செலவும் குறையும்.

இதெல்லாம் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைதான். ஆனாலும் எல்லோரும் செய்வதில்லை, அதற்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லை. எங்கள் தொழிலில் கட்டணம் பெரும்பாலும் மொத்தச் செலவில் இத்தனை சதவீதம், அல்லது சதுர அடிக்கு இவ்வளவு. வீட்டுக்காரருக்கு ஒரு லட்சம் மிச்சப்படுத்தினால் என் கூலியும் குறையும். மூளையை அதிகம் செலவழித்துக் காசைக் குறைவாக வாங்க யாருக்கு ஆசை வரும்? பேக்கர் பெரிய அலுவலகம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை, பழைய கடித உறையின் பின்னால் வரைந்தார், சைட்டில் நின்று கொத்தனார்களோடு பேசித் தானே கட்டினார். வரைபவரும் கட்டுபவரும் ஒரே ஆள். ஒரே விலை சொல்லும் குவேக்கர் கடைக்காரரைப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது என்னுடைய எஸ்டிமேட்டுகள்தான். குறைவாகச் சொல்லி வேலையைப் பிடிப்பது, பிறகு 'எக்ஸ்ட்ரா' என்று ஒரு தனி பில். நானும் செய்திருக்கிறேன், இல்லை என்று சொன்னால் பொய். இப்போது செய்வதில்லை, அதனால் வருடத்துக்கு இரண்டு மூன்று வேலை கையை விட்டுப் போகிறது.

அவர் சொன்னதெல்லாம் வேதம் என்று நான் நினைப்பதில்லை. ஜாலிச் சுவருக்குப் பின்னால் சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்து பாருங்கள், கொசு தூக்கிக்கொண்டு போய்விடும், கடைசியில் வலை அடித்தே ஆகவேண்டும். கொத்தனார் கூலி ஏறிய பிறகு, கைவேலை அதிகம் கேட்கும் கட்டுகளில் மிச்சமாகும் செங்கல் காசு கூலியில் போய்விடுவதும் உண்டு. கல் சுமாராக வெந்திருந்தால் தென்மேற்கு மழை நேராக அடிக்கும் சுவர் ஊறும். அங்கே பூசுங்கள் என்று நானே சொல்கிறேன்.

என் சொந்தச் சறுக்கல் 2009ல். தக்கலைப் பக்கம் ஒரு ஆசிரியர், கையில் காசு குறைவு, மனது பெரிது. எலிப்பொறிக் கட்டு, வெளியே பூச்சு கிடையாது என்று பேசி ஒப்புக்கொண்டார். பழைய மேஸ்திரி அண்ணாச்சியையே கூட்டிவந்தேன். பொந்தின்மேல் ஒரு மரச்சட்டத்தை வைத்துக்கொண்டு சாந்து போட வேண்டும், இல்லாவிட்டால் சாந்தெல்லாம் உள்ளே விழுந்து பொந்து அடைத்துவிடும். அண்ணாச்சி இருந்த நாட்களில் ஒழுங்காக நடந்தது. அவர் ஒரு சாவு வீட்டுக்குப் போன இரண்டு நாளில் பையன்கள் சட்டத்தை ஓரமாகப் போட்டுவிட்டு இஷ்டத்துக்கு வாரிப் போட்டிருந்தார்கள், நான் பார்க்கவில்லை, வேறு சைட்டில் கான்கிரீட். அது போகட்டும், எலக்ட்ரீஷியனிடம் முன்கூட்டியே பேசாமல் விட்டது என் தப்புதான். பைப்பைப் பொந்து வழியாகக் கட்டும்போதே இறக்கியிருக்க வேண்டும். அவர் வந்து வழக்கம்போல மெஷினை வைத்துச் சுவரைக் கீற, மூன்று அங்குலக் கல் உடைந்து கை உள்ளே போய்விட்டது. "என்ன சார், சுவருக்குள்ள ஒண்ணுமே இல்ல!" என்று அவர் கத்தியதை அந்தத் தெருவே கேட்டது. அடுத்த ஒரு மாதம் நான் காலிச்சுவர் எஞ்சினியர். உடைத்துத் திரும்பக் கட்டிய செலவை என் கையிலிருந்துதான் கொடுத்தேன்.

வீடு நன்றாகவே நின்றது. மார்ச், ஏப்ரலிலும் உள்ளே வந்தால் தெரியும் வித்தியாசம். ஆனால் வந்த உறவினர் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எப்ப பூசப் போறீங்க?" ஆசிரியர் முதலில் பேக்கரைப் பற்றி விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். 1989ல் இந்தியக் குடியுரிமை வாங்கியவர், 1990ல் பத்மஸ்ரீ, சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்கும் அவர் பங்களிப்பு உண்டு என்றெல்லாம். கொஞ்ச நாளில் சொல்வதை நிறுத்திவிட்டார். நம் ஊரில் பூசாத வீடு என்றால் முடியாத வீடு, அவ்வளவுதான். பத்மஸ்ரீ எல்லாம் சம்பந்தி வீட்டாரிடம் எடுபடாது.

போன வருடம் அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. போன் செய்து, தயங்கித் தயங்கி, "முன்பக்கம் மட்டுமாவது..." என்றார். ஒரே விலைதான் சொன்னேன். அண்ணாச்சிக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது, சாரம் ஏற முடியாது, நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். பையன்கள் முதல் கை சாந்தை அடித்ததும் சிரித்தார். "இத்தன வருஷமா தெருவுல போறவன் எல்லாம் என் வேலைய எட்டிப் பாத்துக்கிட்டிருந்தான். இனி நிம்மதி தம்பி."

முன்சுவரும் இரண்டு பக்கமும் முடிந்தது. கிணற்றுப் பக்கம், பின்சுவர் அப்படியே சிவப்பாக நிற்கிறது. நான் வற்புறுத்தியதால் இல்லை. நகைக்குப் போக ஆசிரியர் கையில் இருந்தது அவ்வளவுதான், இந்த முறை நிஜமாகவே பூச்சுக்குக் காசு பற்றவில்லை.