சூரியன் சாய்ந்தால் மணி பன்னிரண்டு: அத்தோஸ் மலை யாத்திரை

வடக்கு கிரேக்கத்தில், ஏஜியன் கடலுக்குள் நீண்டு கிடக்கும் தீபகற்பம் அத்தோஸ். ஆர்த்தடாக்ஸ் (கிழக்குத் திருச்சபை) கிறிஸ்தவத் துறவியர் வாழும் 20 பெருமடங்கள், கரியேஸ் என்ற தலைநகர், தனி அனுமதிச் சீட்டு, தனி நாள்காட்டி, தனிக் கடிகாரம். கதையில் வரும் நாடு போலத் தோன்றும். ஆனால் கிரேக்க அரசியல் சாசனத்தின் 105ஆம் பிரிவு தந்த தன்னாட்சி இது. முதல் பெருமடமான மெகிஸ்தி லாவ்ராவை அத்தனாசியோஸ் என்ற துறவி நிறுவியது 963இல்.

ஐரோப்பிய விசா இருந்தால் மட்டும் போதாது. ‘தியாமோனிதிரியோன்’ என்னும் சீட்டும் வேண்டும். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 100, மற்ற எல்லோருக்கும் சேர்த்து வெறும் 10. நம்மவர் பெரும்பாலும் அந்தப் பத்துக்குள்தான் வருவார்கள் என்பதால் தெசலோனிகி நகரிலுள்ள யாத்ரீகர் அலுவலகத்தில் மாதக்கணக்கில் முன்னரே சொல்லிவைக்க வேண்டும். சீட்டு 4 நாளுக்குச் செல்லும். ஒரு மடத்தில் ஒரு இரவு என்பது வழக்கம். பலர் ஏமாறுவது இங்கேதான்: சீட்டு கிடைத்துவிட்டால் படுக்கையும் கிடைத்துவிடும் என்று நம்பிப் போகிறார்கள். ஒவ்வொரு மடத்துக்கும் தனித்தனியாகக் கேட்டு இடம் பிடிக்க வேண்டும். பெண்களுக்கு அனுமதி கிடையாது. கரையை நெருங்காமல் செல்லும் சுற்றுலாப் படகிலிருந்துதான் அவர்கள் மடங்களைப் பார்க்க முடியும்.

அத்தோஸ் எல்லைக்கு வெளியே உள்ள ஊரானூப்போலி என்ற ஊரில் காலையில் சீட்டை வாங்கிக்கொண்டு படகேறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் அத்தோஸின் தாஃப்னி துறை. அங்கிருந்து கரியேஸுக்குப் பேருந்து உண்டு. கரியேஸின் புரோத்தாத்தோன் ஆலயத்தில்தான் ‘ஆக்சியோன் எஸ்தின்’ என்னும் அன்னை மரியாளின் திருவுருவம் இருக்கிறது. அதை வணங்கிவிட்டு மடங்களுக்குப் புறப்படுவது நல்லது.

இனி கடிகாரம். பெரும்பாலான மடங்களில் சூரியன் மறையும் நேரம்தான் 12 மணி. விடியலில் நாளைத் தொடங்கிப் பழகிய நமக்கு இது தலைகீழ். கோடையில் மாலை 8 மணிக்குச் சூரியன் மறைகிறது என்றால், ‘காலை வழிபாடு 8 மணி’ என்பது நம் கணக்கில் அதிகாலை 4. குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கே மறைந்தால் அதே 8, நள்ளிரவு கழிந்து 1 மணி. போனதும் விருந்தினர் அறைத் துறவியிடம் வழிபாடு, சாப்பாடு, கதவடைப்பு மூன்றையும் வெளியுலக நேரத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்திக்குப் பெருங்கதவைச் சாத்திவிடுவார்கள். மலைப்பாதையில் பராக்குப் பார்த்து வருபவர் வெளியேதான் நிற்க வேண்டும்.

நாள்காட்டியும் பழைய ஜூலியன் முறை, நம்முடையதைவிட 13 நாள் பின்தங்கியது. மரியாளின் விண்ணேற்பைக் காண ஆகஸ்ட் 15இல் போனால் திருவிழா இருக்காது. அது நம் ஆகஸ்ட் 28.

வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர், லுக்கூமி என்னும் இனிப்பு, காபி, ஒரு சிறு கிண்ணம் சிப்புரோ சாராயம் தருவார்கள். சாராயம் வேண்டாமென்றால் தயங்காமல் சொல்லலாம். துறவியைப் பார்த்தால் ‘எவ்லோகீதே’ (ஆசீர்வதியுங்கள்) என்பது வணக்கம். ‘ஓ கீரியோஸ்’ (ஆண்டவரே ஆசீர்வதிப்பார்) என்று பதில் வரும்.

மரப்பலகையைச் சுத்தியால் தட்டியபடி துறவி ஆலயத்தைச் சுற்றி வரும் ஓசைதான் வழிபாட்டுக்கு அழைப்பு. முழுக்கால் சட்டை, முழுக்கைச் சட்டை கட்டாயம். உள்ளே கால்மேல் கால் போடுவதும் கைகளைப் பின்னால் கட்டுவதும் மரியாதைக் குறைவு. ஆர்த்தடாக்ஸ் அல்லாதவரைச் சில மடங்களில் வெளி மண்டபத்தோடு நிறுத்திவிடுவார்கள். சாப்பாட்டுக்கும் மற்றவர்கள் உண்ட பிறகுதான் அழைப்பார்கள். நற்கருணை (வழிபாட்டில் தரும் அப்பமும் திராட்சை ரசமும்) கிடையாது. அது அவர்கள் முறை, மனத்தாங்கல் வேண்டாம்.

பந்தி ஒரு நாளைக்கு இரண்டு வேளை. ஒருவர் புனித நூலை வாசிக்க, மற்றவர் பேசாமல் சாப்பிட வேண்டும். மடத்தலைவர் மணி அடித்ததும் பாதித் தட்டோடு இருந்தாலும் எழுந்துவிட வேண்டியதுதான். இருபது நிமிடம்கூடக் கிடைக்காது. வேகமாக உண்ணத் தெரியாதவர் ரொட்டியை முதலில் முடிப்பது புத்திசாலித்தனம். இறைச்சி எப்போதும் இல்லை. திங்கள், புதன், வெள்ளியில் எண்ணெயும் மீனும் பாலும்கூட இல்லை. மலையேறி நடப்பவர்கள் பையில் கொஞ்சம் உலர்பழமும் பருப்புகளும் வைத்துக்கொள்ளட்டும்.

காற்று வலுத்தால் படகு ஓடாது. திரும்பும் நாளிலேயே விமானம் பதிந்துவைப்பவர்கள் தாஃப்னியில் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஒரு நாளாவது விடுங்கள்.