முதல் செமஸ்டருக்கு முன் ஸ்போக்கன் இங்கிலீஷ் வேண்டாம்

கவுன்சலிங் முடிந்து சீட்டு உறுதியானதும், தமிழ் மீடியம் பிள்ளைகளின் வீட்டில் முதலில் எடுக்கும் முடிவு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்துவிடுவது. நானும் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் படித்துப் பொறியியலுக்குப் போனவன்தான். இப்போது முதலாண்டுக்குப் பாடம் எடுக்கிறேன். 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு பொறியியலுக்கும் வந்த பிறகு, "எந்த வகுப்பில் சேரலாம் சார்?" என்று கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். அந்தப் பணத்தை இப்போதைக்கு எடுத்து வையுங்கள் என்றுதான் சொல்கிறேன். பேசத் தெரியாததால் யாருக்கும் அரியர் விழுந்து நான் பார்த்ததில்லை. புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் படிக்க அரை மணி நேரம் ஆவதும், வினாத்தாளில் என்ன கேட்கிறார்கள் என்று பிடிபடாததும்தான் முதல் செமஸ்டரில் ஆளைக் கவிழ்க்கும்.

இதற்கான மருந்து காசில்லாமலே கிடைக்கிறது. பிளஸ் ஒன், பிளஸ் டூ பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் பிடிஎஃப் ஆக இருக்கின்றன. இரண்டிலும் ஒரே பாடம், ஒரே படம், ஒரே சமன்பாடு. உங்களுக்குத் தண்ணிபட்ட பாடாக இருக்கும் ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிலைமின்னியல் என்றே வைத்துக்கொள்வோம். தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தியைப் படித்துவிட்டு, ஆங்கிலப் புத்தகத்தில் அதே பத்தியை வாய்விட்டுப் படியுங்கள். விஷயம் ஏற்கெனவே தலையில் இருப்பதால் மொழியை மட்டும் கவனித்தால் போதும். தெரியாத பாடத்தை வைத்து இதைச் செய்தால் இரண்டும் கெடும். கணிதத்தில் அணிகளும் நுண்கணிதமும் கட்டாயம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில், அதாவது அந்த ஆண்டு வந்த பாடத்திட்ட, தேர்வு விதிகளில், முதல் செமஸ்டர் கணிதப் பாடத்தின் பெயரே 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்'. உங்களுக்கு ரெகுலேஷன் வேறு என்றால் சிலபஸைப் பார்த்துப் பாடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். கலைச்சொல் பட்டியலை மட்டும் தனியாக உருப்போட்டால் பயனில்லை. வாக்கியத்துக்குள் பார்த்த சொல்தான் தேர்வறையில் ஞாபகம் வரும்.

பிள்ளைகள் அதிகம் திணறுவது வாக்கியம் போகிற திசையில். ஓம் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் "வெப்பநிலை மாறாதபோது" என்ற நிபந்தனையில் தொடங்குவோம். மின்னோட்டம் மின்னழுத்த வேறுபாட்டுக்கு நேர்த்தகவில் இருக்கும் என்பது பிறகு வரும். ஆங்கிலப் புத்தகங்களில் பெரும்பாலும் முடிவு முன்னால் வந்துவிடும். நிபந்தனை 'ப்ரொவைடட்' என்ற சொல்லுக்குப் பின்னால் வாலாகத் தொங்கும். முக்கால் வாக்கியத்தில் மூச்சு வாங்கிப் பலர் அந்த வாலை விட்டுவிடுகிறார்கள். இரண்டு மார்க் கேள்வியில் ஒன்று போய்விடும். என் வகுப்பில் 'இஃப்', 'வென்', 'அன்லெஸ்', 'ப்ரொவைடட்' எங்கே வந்தாலும் பென்சிலால் வட்டம் போடச் சொல்வேன். வட்டத்துக்குப் பின்னால் இருப்பதை முதலில் படி, பிறகு தொடக்கத்துக்கு வா. சில வாரங்களில் கண்ணே அதைத் தேடத் தொடங்கிவிடும். 'விச்' வரும் இடத்திலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். தமிழில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் சொல்வதை அங்கே பின்னால் சொல்லியிருப்பார்கள்.

அடுத்தது வினாத்தாள். அண்ணா பல்கலைக்கழகத் தாளில் பத்து இரண்டு மார்க், ஐந்து பதின்மூன்று மார்க், ஒரு பதினைந்து மார்க் என்பது 2021 ரெகுலேஷனில் பெரும்பாலான தியரி பாடங்களின் அமைப்பு. பதின்மூன்று மார்க் கேள்வி ஒவ்வொன்றிலும் 'அல்லது' உண்டு. எதைத் தேர்வது என்பதைக் கேள்வியின் வினைச்சொல்லைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 'டிரைவ்' (derive) என்றால் சமன்பாடுகள் படிப்படியாக வர வேண்டும். அதில் ஆங்கிலம் குறைவு, தமிழ் மீடியம் பிள்ளைக்கு அதுவே லாபம். 'கம்பேர்' என்றால் அட்டவணை போடலாம், முழு வாக்கியமே தேவைப்படாது. 'டிஸ்கஸ்' என்று மட்டும் இருந்தால், வேறு வழி இருக்கும்போது அந்தப் பக்கம் போக வேண்டாம். பழைய வினாத்தாள்களை எடுத்து, விடையைப் பார்க்காமல் கேள்விகளை மட்டும் படித்து "இதில் என்ன எழுதச் சொல்கிறான்?" என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். ஹாஸ்டல் அறையில் இரண்டு பேர் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது.

மனப்பாடம் கூடவே கூடாது என்று உபதேசம் செய்பவன் இல்லை நான். வரையறைகளை மனப்பாடம் செய்யுங்கள், தப்பில்லை. நான்கு பக்க விடையை அப்படியே மக்கப் அடிப்பதுதான் ஆபத்து. நடுவில் ஒரு வரி மறந்தால் மிச்சமும் வராது. படம், படத்தில் பாகங்களின் பெயர், அந்தப் பெயர்களை வைத்துச் சின்னச் சின்ன வாக்கியங்கள் என்று எழுதினாலே தேறிவிடலாம். அந்த ரெகுலேஷனில் செமஸ்டர் தேர்வில் 100க்கு 45 வேண்டும், கல்லூரியிலேயே போடும் இன்டர்னல் மார்க்கும் சேர்த்து மொத்தம் 50 வர வேண்டும். செமஸ்டரின் எடை 60, இன்டர்னலுக்கு 40. இன்டர்னலை அலட்சியமாக விட்டுவிட்டுக் கடைசியில் செமஸ்டரில் பிடித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கே போதுமான எச்சரிக்கை.

வகுப்பில் முதல் சில வாரங்கள் எல்லாமே வேகமாகத்தான் போகும். அன்றைக்கு நடக்கப்போகும் பகுதியை முந்தின இரவே ஒரு தடவை கண்ணால் ஓட்டிவிட்டுப் போங்கள். ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கும் என்பிடெல் வீடியோவில் வேகத்தைக் குறைத்து, சப்டைட்டில் போட்டுப் பார்க்கலாம். நோட்டில் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதினால் யாரும் கேட்கப்போவதில்லை. சந்தேகத்தையும் தமிழிலேயே கேளுங்கள், ஆனால் இடத்தைச் சுட்டிக் கேளுங்கள். "ஒண்ணுமே புரியலை சார்" என்றால் எனக்கும் எங்கே தொடங்குவதென்று தெரியாது. "மூணாவது ஸ்டெப்ல மைனஸ் எப்படி வந்துச்சு சார்?" என்றால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

வாய் திறந்து ஆங்கிலம் பேச வேண்டிய முதல் இடம் லேப் வைவா, அதாவது செய்முறைத் தேர்வில் வாய்மொழியாகக் கேள்வி கேட்கும் இடம். சோதனையின் நோக்கம், பயன்படுத்திய கருவி, வாய்ப்பாடு, கிடைத்த விடை, இவ்வளவையும் சிறு வாக்கியங்களாக முன்கூட்டியே சொல்லிப் பழகுங்கள். ஸ்போக்கன் இங்கிலீஷுக்கு எடுத்து வைத்த பணத்தை மூன்றாம் ஆண்டில், பிளேஸ்மென்ட் பயிற்சி தொடங்கும்போது வெளியே எடுக்கலாம்.