தகவலாளர் 7

லேபிளைப் படித்தது பாட்டாவின் பேரன்தான். எட்டாம் வகுப்பு. ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி என் பெயரை முழுசாக வாசித்தான், பக்கத்தில் இருந்த எண்ணையும் வாசித்தான்: 412. பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்குமோ என்று தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “பாட்டா பேரு எங்கக்கா?”

முந்தின பயணத்தில் எடுத்த செடியைப் பாடம் செய்து, தாளில் தைத்து, அதன் இரட்டைப் பிரதி ஒன்றைப் பாட்டா வீட்டில் காட்டுவதற்காக அவர்களுடைய மலைக் குடியிருப்புக்குக் கொண்டுபோயிருந்தேன். சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். சேகரித்தவர் பெயர்தான் லேபிளில் வரும், அதுதான் வழக்கம் என்று பையனிடம் சொன்னேன். பாட்டா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, “வெட்டினது நானுல்லா?” என்றார்.

வெட்டியது அவர்தான். பாறை இடுக்கில் கையை விட்டு, வேரில் பாதியை மண்ணோடு விட்டுவிட்டு, மீதியை அறுத்து எடுத்தார். நான் கீழே நின்று பழைய செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தேன்.

அப்போது நான் சொன்ன பதில்தான் இன்றைக்கும் உறுத்துகிறது. “உங்க பேரு வெளியே தெரியக்கூடாது பாட்டா. உங்க நல்லதுக்குத்தான்.” ஆய்வு நெறிமுறை வகுப்பில் கற்றுக்கொண்டதை அப்படியே ஒப்பித்தேன். பெயரை மறைத்தால் அவருக்குப் பாதுகாப்பு. என் நோட்டில் அவர் தகவலாளர் 7.

அது தப்பு என்று இப்போதும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பாட்டா இருந்த அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில் நடந்தது, பழங்குடிகளின் மூலிகை அறிவை ஆராயும் எங்கள் துறையில் எல்லோருக்கும் பாடம். 1987 இல் ஆய்வுக்குப் போன குழு, வழிகாட்ட வந்த காணிப் பழங்குடியினர் களைப்பில்லாமல் மலை ஏறுவதைப் பார்த்து, அவர்கள் வாயில் போட்டு மென்ற பழம் எது என்று கேட்டது. தயங்கித்தான் சொன்னார்கள். ஆரோக்கியப்பச்சை. அதை வைத்து ‘ஜீவனி’ என்ற மருந்து வந்தது. ஆய்வு நிறுவனத்துக்குக் கிடைத்த உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாயிலும், விற்பனையில் 2 சதவீத உரிமத்தொகையிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997 இல் அதற்கென்று அறக்கட்டளையும் பதிவானது. இப்படிப் பங்கு கொடுக்கச் சொல்லும் பல்லுயிர்ச் சட்டம் 2002 இல்தான் வருகிறது என்பதை நினைத்தால் அது பெரிய விஷயம். செடியைக் காட்டிக்கொடுத்த மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி இருவரின் பெயரும் இன்றுவரை சொல்லப்படுகிறது.

ஆனால் வைத்தியம் பார்க்கும் பிலாத்திகள் சிலர் அன்றைக்கே எதிர்த்தார்கள். பரம்பரையாகக் காத்து வந்ததை வெளியாளிடம் சொல்ல இவர்கள் யார் என்பது அவர்கள் கேள்வி. பாட்டாவும் பிலாத்திதான். அவர் பெயரை நான் அச்சில் போட்டு, நாளைக்கு இன்னொரு குடியிருப்பிலிருந்து ஒருவர் வந்து ‘நீ எப்படிச் சொல்லலாம்’ என்று கேட்டால்? அதனால்தான் மறைத்தேன். இப்படிச் சொல்லிக்கொண்டால் தூக்கம் வருகிறது.

சில நாள் வருவதில்லை. கட்டுரையின் அட்டவணையை எடுத்துப் பார்த்தால் தெரியும். தகவலாளர் 7: ஆண், வயது 70க்கு மேல், தொழில் வைத்தியம். குடியிருப்பின் பெயரும் வரைபடமும் முதல் பக்கத்திலேயே இருக்கின்றன. முப்பது வீடு இருக்குமா அங்கே? அதில் பிலாத்தி ஒரே ஒருவர். பாபநாசம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கேட்டாலே வீட்டைக் காட்டிவிடுவார்கள். இதுதான் நான் கொடுத்த பாதுகாப்பு.

பெயரைத் தவிர மற்ற எல்லாமே அச்சில் இருக்கிறது. அறிவியல் பெயர், அவர்கள் சொல்லும் பெயர், எந்தப் பாகம், எதோடு அரைப்பது, எத்தனை நாள். மருந்தைத் திறந்து வைத்துவிட்டு ஆளை மூடியிருக்கிறேன். நன்னாரி, சிறுகுறிஞ்சான் மாதிரி ஊரறிந்த மூலிகை என்றால் பரவாயில்லை. இது அப்படி அல்ல. (இங்கேயும் அதன் பெயரை எழுதவில்லை. இனி எழுதாமல் விட்டு என்ன ஆகப்போகிறது, அது வேறு.)

அட்டவணையில் ‘பயன் மதிப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. பல பேர் சொன்ன செடிக்கு எண் ஏறும், ஒருவர் மட்டும் சொன்னது அடியில் கிடக்கும். பாட்டா யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து என்னிடம் சொன்ன அந்தச் செடிக்குத்தான் என் பட்டியலில் கடைசி இடம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் பெயர் ஒரே ஒரு தாளில் இருக்கிறது. ஒப்புதல் படிவம். முதல் நாளே வாங்கிவிட வேண்டும் என்று என் நெறியாளர் சொல்லி அனுப்பியிருந்தார். பெயரை நான் எழுதினேன், பாட்டா பக்கத்தில் கைநாட்டு வைத்தார். பின்னால் யாராவது கேள்வி கேட்டால் எங்களைக் காப்பாற்றும் தாள் அது. அதில் பெயர் கட்டாயம். அப்போது எனக்கு இது வேடிக்கையாகப் படவில்லை.

இந்த வருஷம் எங்கள் உலர்தாவரத் தொகுப்பை முழுவதும் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுகிறார்கள். 412 ஆம் தாளும் என் மேசைக்கு வந்தது. பூவின் நிறம் போய்விட்டது, நூல் தையல் மட்டும் அப்படியே இருக்கிறது. லேபிளில் திருத்தம் இருந்தால் சிறு துண்டுச்சீட்டில் எழுதிப் பக்கத்தில் ஒட்டலாம். முதலில் இருந்ததை அழிக்கக்கூடாது, அவ்வளவுதான். துண்டுச்சீட்டை எடுத்து வைத்து ஒரு வாரம் ஆகிவிட்டது. பாட்டா இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டார். யாரைக் கேட்பது?

பேரனைத்தான் கேட்டேன். இப்போது வனத்துறையில் வேட்டைத் தடுப்புக் காவலராக இருக்கிறான். போனில் விஷயத்தைச் சொன்னதும் “போடுங்கக்கா” என்றான். கொஞ்ச நேரம் கழித்து அவனே கூப்பிட்டான். “பெரியவங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன். வேற பிலாத்திமாரு என்ன சொல்லுவாங்களோ.” சரி, கேள் என்றேன். உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை.

நேற்று மறுபடி கூப்பிட்டான். பெரியவர்களிடம் இன்னும் பேசவில்லையாம். வேறொன்று கேட்கத்தான் கூப்பிட்டானாம். “ரேஷன் கார்டுல ஒரு மாதிரி இருக்கு, ஃபாரஸ்ட்ல குடுத்த அட்டையில வேற மாதிரி இருக்கு. நீங்க அன்னைக்கு எப்படிக்கா எழுதினீங்க?”