வாங்குபவள் நான்தான்

2018ஆம் ஆண்டு தை மாதம், ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் பார்த்த வேலையை விட்டுவிட்டு, காட்பாடியில் நிலத் தரகு செய்துவந்த ஒரு பெரியவரிடம் தொழில் கற்கச் சேர்ந்தேன். கையில் 8,10,000 ரூபாய் சேமிப்பு இருந்தது. தரகு பார்த்தபடியே அந்தப் பணத்தில் ஒரு மனை வாங்கிப் போட வேண்டும் என்பது என் எண்ணம். ஒரே ஆள் தரகராகவும் முதலீட்டாளராகவும் இருப்பதில் என்ன சிக்கல் வரும் என்பதை அப்போது நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

முதல் ஏழு மாதங்களில் ஒரு கிரயம்கூட முடியவில்லை. இரு தரப்பிலும் ஆளுக்கு 1 அல்லது 2 சதவீதம் தரகு என்று கேட்கும்போது பெரிய தொகையாகத் தோன்றும். ஆனால் ஒரு மனைக்கு நடுவில் நான்கைந்து பேர் நிற்பார்கள். விற்பவரின் உறவினர் ஒருவர், அவருக்குத் தெரிந்தவர் ஒருவர், வாங்குபவரை அழைத்து வந்தவர் ஒருவர் என்று பங்கு பிரிந்த பிறகு, புதிதாக வந்தவர் கையில் நிற்பது பெட்ரோல் செலவுக்கே சரியாக இருக்கும். ஆடி பிறந்துவிட்டால் பத்திரம் போட யாரும் முன்வருவதில்லை. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் ஓராண்டுக் குடும்பச் செலவைத் தனியே எடுத்து வைத்துவிட்டு வருவது நல்லது. நான் ஆறு மாதத்துக்குத்தான் வைத்திருந்தேன். மீதியை என் கணவரின் சம்பளம் தாங்கியது.

அந்த மாதங்களில் பெரியவர் எனக்குக் காகிதம் படிக்கக் கற்றுக்கொடுத்தார். தாய்ப்பத்திரம் (சொத்தின் முந்தைய உரிமை ஆவணம்), கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று (சொத்தின் மீது பதிவான பரிமாற்றங்களின் பட்டியல்), பட்டா, புலப்பட வரைபடம் (நில அளவைப் படம்) ஆகிய ஐந்தையும் தரையில் பக்கம் பக்கமாகப் பரப்பி வைத்து, பத்திரத்தில் செக்குபந்தி என்று எழுதப்பட்டிருக்கும் நான்கெல்லையும் வரைபடத்தில் இருக்கும் கோடுகளும் பொருந்துகின்றனவா என்று விரல் வைத்துப் பார்க்கச் சொல்வார். பத்திரம் ஏக்கர், சென்ட் கணக்கில் பேசும். பட்டா ஹெக்டேர், ஏர் கணக்கில் பேசும். ஒரு ஏர் என்பது 2.47 சென்ட் என்று மனத்தில் பதியும்வரை, இரண்டிலும் இருப்பது ஒரே நிலமா என்பதே எனக்குப் புரியவில்லை. யூ.டி.ஆர். என்ற பெயரில் நில உரிமைப் பதிவுகளைப் புதுப்பிக்க 1980களில் நடந்து முடிந்த கணக்கெடுப்பில் பெயரோ பரப்போ தவறாக ஏறிய பட்டாக்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன என்பதால், பட்டாவை மட்டும் காட்டி விற்பவரிடம் அதற்கு முந்தைய ஆவணத்தையும் அவர் கேட்காமல் விட்டதில்லை. விவசாய நிலமாக இருந்தால், ஒவ்வொரு நிலமும் என்ன வகை என்று குறித்திருக்கும் கிராமக் கணக்கான அ-பதிவேட்டைப் பார்க்கச் சொல்வார். 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலம் நம் பழைய வட ஆற்காடு மாவட்டப் பகுதியிலும் உண்டு. அதை மற்றவர் வாங்குவது செல்லாது என்பது ஒருபுறம் இருக்க, அது அவர்களிடமே இருக்க வேண்டிய நிலம் என்பதைப் பெரியவர் அழுத்திச் சொல்வார்.

அவர் சொல்லித் தந்தவற்றில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது வில்லங்கச் சான்றின் எல்லை. பதிவு அலுவலகத்தில் பதிவானவை மட்டுமே அதில் வரும். ஒரு தந்தை உயில் எழுதாமல் இறந்துபோனால், அந்த நாளிலேயே அவருடைய சொத்தில் மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் பங்கு உண்டாகிவிடுகிறது; சான்றில் அதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. தந்தை தானே சம்பாதித்த சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்பது 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பூர்வீகச் சொத்திலும் பங்கு என்பதைத் தமிழ்நாடு 1989இல் கொண்டுவந்தது; 2005இல் அது நாடு முழுவதற்கும் சட்டமானது. இருந்தும் எங்கள் ஊர்ப் பக்கம் நான் போன வீடுகளில் பாதிக்குமேல், "அதுக்குத்தான் கல்யாணத்துல சீர் செஞ்சாச்சே" என்ற பதில்தான் கிடைத்தது.

சேவூர் பக்கம் 40 சென்ட் நிலம் ஒன்றை மூன்று அண்ணன் தம்பிகள் விற்க வந்தார்கள். ஆண்கள் திண்ணையில் விலை பேசிக்கொண்டிருந்தபோது நான் உள்ளே போய் அவர்களுடைய தாயாரிடம் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில் குடியாத்தத்தில் கட்டிக்கொடுத்த மகளைப் பற்றி அவர் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு இந்த விற்பனை பற்றி எதுவும் தெரியாது. அவருடைய கையெழுத்து இல்லாமல் இந்தக் கிரயத்தில் நான் நிற்க மாட்டேன் என்று திண்ணைக்கு வந்து சொன்னேன். சகோதரர்கள் கோபித்துக்கொண்டார்கள். வாங்க வந்தவரும் காத்திருக்கவில்லை. அந்தத் தரகு கிடைத்திருந்தால் அதுதான் என் முதல் வருமானமாக இருந்திருக்கும். தரகு வேலையில் பெண்கள் குறைவாக இருப்பதில் ஊருக்கே ஓர் இழப்பு உண்டு என்பதை அன்று உணர்ந்தேன். திண்ணையோடு திரும்பிவிடுகிறவருக்கு அடுப்பங்கரையில் சொல்லப்படும் பெயர் கேட்காது.

நான் தொழிலுக்கு வந்த நேரத்தில், அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் பிறப்பித்த உத்தரவின் தாக்கம் அடங்கியிருக்கவில்லை. 20.10.2016 வரை பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் அரசு விதிகள் கொண்டுவந்தது. விண்ணப்பத்தோடு அலைந்தவர்களுக்கு உதவியதுதான் எனக்குப் பழக்கங்களைச் சேர்த்துத் தந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைக் குழுமத்தில் பதிவு பெற வேண்டும், அதில் மனை விற்றுத் தரும் முகவரும் பதிவு பெற வேண்டும் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன்.

என் முதலீட்டுக்கு வருகிறேன். வி.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர்களும் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளும் இருக்கும் ஊரில் வாடகை வீடுதான் நல்ல முதலீடு என்று பலரும் சொன்னார்கள். 35 லட்சம் ரூபாய் வீட்டுக்கு மாதம் 9,000 ரூபாய் வாடகை என்றால் ஆண்டுக்கு 1,08,000 ரூபாய், அதாவது 3 சதவீதத்தைச் சற்றே தாண்டும். வீட்டு வரியும் பழுதுபார்ப்பும் அதில் போக வேண்டும். கடன் வாங்கி அதைச் செய்ய எனக்குத் துணிவில்லை. எனவே மனையையே தேடினேன்.

2019 ஆவணியில் விருதம்பட்டைச் சேர்ந்த ஒரு மூதாட்டி, கழிஞ்சூர் பக்கம் இருந்த தம் 1,200 சதுர அடி மனையை விற்றுத் தரும்படி என்னிடம் வந்தார். சதுர அடி 500 ரூபாய்க்குப் போனால் போதும் என்றார். அந்தத் தெருவில் 650 ரூபாய் போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். "நீ பார்த்துச் சொல்றதுதான்மா வெல" என்று சொல்லிவிட்டு அவர் பத்திரத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சொன்ன விலைக்கே வாங்கிவிட்டால் 1,80,000 ரூபாய் ஒரே நாளில் மிச்சம்; அதைத் தவறென்று சொல்ல ஊரில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். காலையில் பெரியவரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வாங்கணும்னா வாங்கிக்கோம்மா. ஆனா வாங்கறது நான்தான்னு அந்தம்மாகிட்ட மொதல்ல சொல்லிடு. சொன்ன பிறகு நீ அவங்களுக்குத் தரகர் இல்ல" என்றார்.

மூதாட்டியின் மகளையும் வைத்துக்கொண்டு அதைச் சொன்னேன். பக்கத்து மனைகள் போன விலையைச் சொல்லி, வேறு ஒரு தரகரிடமும் விசாரித்துவிட்டு வரும்படி கேட்டுக்கொண்டேன். பத்து நாள் கழித்து வந்து 650 ரூபாய்க்கே எனக்குக் கொடுத்தார்கள். தரகு வாங்கவில்லை. முன்பணம் முதல் எல்லாவற்றையும் வங்கி வழியாகவே கொடுத்தேன்; நிலக் கிரயத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். ஆனால் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் அன்றிருந்த பதிவுக் கட்டணம் 4 சதவீதமும் சேர்ந்து, 7,80,000 ரூபாய் மனைக்கு 85,800 ரூபாய் ஆகும் என்பதை, பிறருக்குத் தினமும் கணக்குப் போட்டுக் கொடுத்த நான் எனக்குப் போட மறந்திருந்தேன். வளையல்களை அடகு வைத்துத்தான் அந்தப் பத்திரம் முடிந்தது.

காகிதத்தில் ஒரு குறையும் இல்லாத மனை அது. ஆனால் நான் அதை வெயில் காலத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடிய அந்த மழையில், ஏரிக்குப் போகும் கால்வாய் நிரம்பி, என் தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர் இரண்டு நாள் வடியாமல் நின்றது. மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அதன் பிறகு மனை பார்க்க வருகிறவர்களை, அவசரமில்லை என்றால் ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை வரச் சொல்கிறேன்.

2023இல் அந்த மனையை விற்கத் தீர்மானித்தபோது, பார்க்க வந்த மூன்று பேரிடமும் மனைக்குச் சொந்தக்காரி நான்தான் என்பதையும், இரண்டு நாள் நின்ற தண்ணீரையும் முதலிலேயே சொன்னேன். இருவர் திரும்பி வரவில்லை. மூன்றாவதாக வந்தவர் ஒரு கட்டட மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமை தம் மகனோடு வந்து, தண்ணீர் நிரப்பிய டியூபைப் பிடித்து, சாலைக்கும் மனைக்கும் உள்ள உயர வித்தியாசத்தைப் பார்த்தார். அடித்தளத்தை மூன்று அடி உயர்த்திக் கட்டிக்கொள்வதாகச் சொல்லி, அதற்கு ஆகும் மண் செலவை விலையில் கழித்துக்கொள்ளும்படி கேட்டார். கழித்துக் கொடுத்தேன்.