வைவாவில் நான் திணறிய கேள்வி: அந்த உச்சம் நிலைமாற்றமா?

எம்.எஸ்சி. இயற்பியல் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்), ஒரு கலப்புப் படிகத்தின் மின்காப்பு மாறிலி (மின்புலத்துக்குப் பொருள் எவ்வளவு இணங்குகிறது என்ற அளவு) வெப்பநிலையோடு மாறும் வரைபடத்தைக் காட்டி, "இந்த உச்சம் நிலைமாற்றமா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். "சரி, அதிர்வெண்ணைக் கூட்டினால் உச்சம் எங்கே போகும்?" பதில் தெரியவில்லை. புரோட்டான் கண்ணாடி என்ற இந்தப் பாடத்தை நான் உண்மையில் படித்தது அதற்குப் பிறகுதான்.

தொடங்க நல்ல இடம் ருபிடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட். 146 கெல்வினில் அது ஃபெரோஎலெக்ட்ரிக் ஆகிறது, அதாவது அதன் மின் இருமுனைகள் ஒரே திசையில் வரிசையாகின்றன. அதில் ருபிடியம் இருக்கும் இடத்தில் அம்மோனியம் இருந்தால், 148 கெல்வினில் ஆன்டிஃபெரோஎலெக்ட்ரிக், அதாவது இருமுனைகள் எதிரெதிராக வரிசையாகி ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. இரண்டையும் பாதிப்பாதி கலந்தால் 147 பக்கத்தில் ஏதாவது நடக்கும் என்றுதான் தோன்றும். எதுவும் நடப்பதில்லை! எவ்வளவு குளிர்வித்தாலும் படிகம் முழுக்கப் பரவும் ஒழுங்கு வருவதில்லை.

காரணம் புரோட்டான்கள். ஒவ்வொரு பாஸ்பேட்டையும் நான்கு ஹைட்ரஜன் பிணைப்புகள் சூழ்கின்றன; அவற்றில் இரண்டு புரோட்டான்கள் அருகில் நிற்கும். ருபிடியம் உப்பில் இரண்டுமே மேலே, அல்லது இரண்டுமே கீழே. அம்மோனியம் உப்பில் மேலே ஒன்று, கீழே ஒன்று. கலவையில் அயனிகள் தாறுமாறாகக் கிடப்பதால் ஓரிடம் ஒரு பக்கம் இழுக்கும், அடுத்த இடம் வேறு பக்கம் இழுக்கும். எல்லோருக்கும் ஒத்துவரும் அமைப்பு கிடைக்காமலே புரோட்டான்களின் தாவல் மெல்ல மெல்ல உறைகிறது. இதுதான் புரோட்டான் கண்ணாடி. என்னை வெகுநாள் குழப்பியது 'கண்ணாடி' என்ற சொல். ஜன்னல் கண்ணாடி போல அணுக்கள் சிதறவில்லை. அணுக்களின் சீரான அடுக்கான அணிக்கோவை அப்படியேதான் இருக்கிறது, புரோட்டான்கள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்பதில் மட்டுமே ஒழுங்கில்லை.

இப்போது வைவா கேள்விக்கு வருவோம். அதிர்வெண் கூடினால் உச்சம் உயர்ந்த வெப்பநிலைக்கு நகரும், ஏனென்றால் குளிர்விக்கும்போது, வேகமாக மாறும் மின்புலத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் புரோட்டான்கள் முன்னதாகவே பின்தங்கிவிடுகின்றன. வழக்கமான ஃபெரோஎலெக்ட்ரிக் நிலைமாற்றத்தின் வெப்பநிலை இப்படி அளக்கும் அதிர்வெண்ணுக்கேற்ப நகராது. ஆக, இப்படி நகரும் உச்சம் அந்த வகை நிலைமாற்றம் இல்லை.

படிக்கும்போது நிலைப்படத்தை (எந்தக் கலவையில் எந்த நிலை என்று காட்டும் படத்தை) உங்கள் கையால் வரையுங்கள். அம்மோனியப் பங்கு 0.22 வரை ஃபெரோ, ஏறத்தாழ 0.75க்கு மேல் ஆன்டிஃபெரோ, நடுவில் கண்ணாடி. அப்புறம் 1975இல் இயற்பியலாளர்கள் எட்வர்ட்ஸும் ஆண்டர்சனும் தந்த ஸ்பின் கண்ணாடி மாதிரிக்குப் போகலாம்; அது காந்தத் திசைகள் தாறுமாறாக உறையும் பொருள்களுக்கானது. நான் அதில் தொடங்கி இரண்டு வாரம் இழந்தேன். ஒரு வேறுபாட்டை மறக்க வேண்டாம்: இங்கே அயனிகளின் தாறுமாறான பரவலே ஒவ்வொரு பிணைப்பையும் ஒரு பக்கம் சாய்க்கும் சமவாய்ப்புப் புலமாகிறது. அதனால் உறைவு ஒரே புள்ளியில் கூர்மையாகத் தொடங்காமல் பரவலாக நிகழ்கிறது.