நைட்ரஜனோடு மல்லுக்கட்டு: குப்பைமேட்டு வாயு லாரிக்கு எரிபொருளான கதை

கலிபோர்னியாவில் ஒரு குப்பைமேட்டில் வாயு சேகரிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். ஊருக்கு வந்தால் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அமெரிக்கா வரைக்கும் போய்க் குப்பையா?" என்பதுதான். ஆமாம், குப்பைதான். ஆனால் அந்த மேட்டுக்கு அடியில் மக்கும் குப்பையிலிருந்து ஊறும் வாயுவில் பாதி மீத்தேன். வெளியே விட்டால் நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். பிடித்து எரித்தால் மின்சாரம். இன்னும் சுத்தம் செய்தால் வண்டிக்கு எரிபொருள்.

எங்கள் மேட்டில் மின்சாரம் எடுப்பது பல ஆண்டுகளாகவே நடந்து வந்தது. அதே வாயுவைக் குப்பை லாரிகளுக்கே நிரப்பலாம் என்று நிர்வாகம் முடிவெடுத்தபோது எங்களுக்கு அது பெரிய மாற்றமாகத் தெரியவில்லை. லிவர்மோர் பக்கத்தில் உள்ள ஆல்டமாண்ட் மேட்டில் 2009-லேயே வாயுவைத் திரவமாக்கி நாளுக்கு 13,000 கேலன் வரை தயாரிக்கும் ஆலை வந்துவிட்டது. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா? இயந்திரம் வாங்கினால் போதும் என்றுதான் எல்லோரும் பேசினார்கள். இயந்திரம் விற்க வந்தவர்களும் அப்படித்தான் பேசினார்கள், அது அவர்கள் தொழில்.

கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் சிக்கல் புரிந்தது. பூமிக்கடியிலிருந்து வரும் நூறு பங்கு வாயுவில் 50 மீத்தேன், 45 கார்பன் டை ஆக்சைடு, 5 நைட்ரஜன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சார எஞ்சின் இதை முணுமுணுக்காமல் குடிக்கும். வண்டிக்கு என்றால் கார்பன் டை ஆக்சைடை நீக்க வேண்டும். அதற்கான மெம்ப்ரேன், அதாவது வாயுவைச் சலிக்கும் மெல்லிய சவ்வு, அதை எளிதாகப் பிரித்துவிடும். நைட்ரஜனோ மீத்தேனை விட்டுப் பிரியாது, அதனுடனேயே வந்துவிடும். ஆக, 55-இல் 5, அதாவது 9 சதவீதம் நைட்ரஜன். கலிபோர்னியாவின் வாகன எரிவாயு விதிப்படி நைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்தே 4.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அப்படியானால் வாயுவை உறிஞ்சக் குப்பைக்குள் குழாய் இறக்கிய கிணற்றிலிருந்து வரும்போதே நைட்ரஜன் 2 சதவீதத்துக்குக் கீழே இருந்தாக வேண்டும்.

நைட்ரஜன் குப்பையில் ஊறுவதில்லை, காற்றோடு உள்ளே வருகிறது. கிணறுகளில் நாங்கள் உறிஞ்சுவதால் மேட்டின் மேல்மூடியில் எங்கெல்லாம் வெடிப்பு இருக்கிறதோ அங்கெல்லாம் காற்று இறங்கும். கோடையில் களிமண் மூடி பிளந்துவிடும். மேடு அமிழும்போது குழாய் இணைப்பும் விட்டுக்கொடுக்கும்.

காற்று எங்கே புகுகிறது என்று கண்டுபிடிக்கும் வழியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர், அந்த மேட்டிலேயே தலைநரைத்த ஒரு டெக்னீஷியன். வாயுவை அளக்கும் மீட்டரின் குழாயைக் கிணற்றுத் தலையில் செருகிவிட்டு, "மீத்தேனைப் பார்க்காதே, ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் சேர்த்துப் பார்" என்பார். நைட்ரஜன் 12, ஆக்சிஜன் 3 என்று காட்டினால் அது கிட்டத்தட்ட வெளிக்காற்றின் விகிதம். அப்படியென்றால் ஓட்டை தரைக்கு மேலே, ஒரு ஹோஸிலோ கிளாம்பிலோ இருக்கிறது; ஒரு ஸ்பானரோடு வேலை முடியும். நைட்ரஜன் 12 இருந்து ஆக்சிஜன் பூஜ்யம் என்றால், காற்று குப்பைக்குள்ளேயே இறங்கி, ஆக்சிஜனை நுண்ணுயிரிகள் தின்றுவிட்டன. அப்போது வால்வைக் குறைக்க வேண்டும், மூடியில் மண் போட வேண்டும். குறைக்காமல் விட்டால் உள்ளே சூடேறி, குப்பை அடியில் புகையத் தொடங்கும். அதை அணைப்பது பெரும்பாடு.

வால்வை ஒரு மயிரிழை திருப்பிவிட்டுக் காத்திருப்பதுதான் எங்கள் வேலை. குழாயின் தாழ்வான இடத்தில் நீர் தேங்கினால் மீட்டரில் அழுத்தம் ஏறியும் இறங்கியும் ஆடும். முதலில் அதை வடிக்க வேண்டும். வானிலையும் பார்க்க வேண்டும். காற்றழுத்தம் ஏறும் நாளில் மேடு காற்றை உள்ளிழுக்கும், இறங்கும் நாளில் வாயுவைத் தள்ளும். நேற்று சரியாக வைத்த கிணறு இன்று கெட்டுப்போயிருக்கும்.

இவ்வளவு செய்தும் ஓரக் கிணறுகள் வழிக்கு வரவில்லை. வாயு பக்கத்து நிலத்துக்குக் கசியாமல் இருக்க அவற்றைப் பலமாக உறிஞ்சியே ஆக வேண்டும், சட்டம் விடாது. பலமாக உறிஞ்சினால் காற்று வரும். கடைசியில் குழாயையே இரண்டாகப் பிரித்தோம்: நடுமேட்டுக் கிணறுகள் எரிபொருள் ஆலைக்கு, ஓரக் கிணறுகள் பழைய எஞ்சினுக்கும், மிச்ச வாயுவை எரித்துவிடும் எரிகம்பத்துக்கும். என்னைக் கேட்டால், ஆலைக்கு வரைபடம் போடும் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை இது.

மற்றவை பணத்தால் தீர்ந்தன. ஷாம்புவிலிருந்தும் அழகுசாதனங்களிலிருந்தும் வரும் சிலாக்சேன் என்ற சிலிக்கான் சேர்மம் எரிந்தால் வெள்ளை மணலாகி எஞ்சினுக்குள் ஒட்டும். பழைய எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றும்போதெல்லாம் விரலால் சுரண்டியிருக்கிறேன். அதற்குக் கரி வடிகட்டி. முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு இன்னொரு தொட்டி.

காகித வேலை தனிக் கதை. 2014-இல் கொண்டுவந்த அமெரிக்க மத்திய அரசு விதிப்படி, குப்பைமேட்டு வாயுவிலிருந்து வண்டிக்குப் போகும் எரிபொருள் செல்லுலோஸ் வகையில், அதாவது தாவர நாரிலிருந்து வரும் எரிபொருள் வகையில் சேரும்; அதற்கான சான்றலகுகளுக்கு, அதாவது எரிபொருள் நிறுவனங்கள் கணக்குக் காட்ட வாங்கும் சான்றுகளுக்கு, நல்ல விலை உண்டு. திட்டத்தின் வரவு செலவே அதில்தான் நிற்கிறது. ஆனால் பதிவு முடியும்வரை சான்றலகு கிடையாது. வெளியிலிருந்து ஒரு பொறியாளர் வந்து, கிணற்றிலிருந்து நிரப்பும் முனைவரை நடந்து பார்த்து அறிக்கை தர வேண்டும். எங்களிடம் வந்தவர் ஒவ்வொரு மீட்டரின் அளவுத்திருத்தச் சான்றையும் கேட்டார். அந்தக் கோப்பு மட்டும் முன்பே சீராக இருந்ததால் தப்பித்தோம். இத்தொழிலில் இறங்குபவர்கள் முதலில் வாங்க வேண்டியது ஒரு நல்ல அலமாரி.

சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் ஏன் இப்படிச் செய்யவில்லை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அவை திறந்தவெளியில் கொட்டிய மேடுகள், காற்றுப்புகா மூடி இல்லாதவை. கிணறு தோண்டினால் காற்றைத்தான் உறிஞ்சுவோம். 2022 ஏப்ரலில் பெருங்குடி நாள்கணக்கில் எரிந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த நிலை தெரியும். பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றுவதுதான் அங்கே சரி. புதிதாகச் சேரும் ஈரக்குப்பையை மேட்டுக்கே அனுப்பாமல் மூடிய தொட்டியில் செரிக்க வைத்தால் காற்றுத் தொல்லை பெரும்பாலும் இல்லை. இந்தூரில் 2022 பிப்ரவரியில் திறந்த ஆலை நாளுக்கு 550 டன் செரிக்கும் திறன் கொண்டது. நகரப் பேருந்துகளுக்கு எரிவாயு தருகிறது. அதற்கு வீட்டு வாசலிலேயே குப்பை தரம் பிரிந்து வர வேண்டும். அங்கே வருகிறது.