மானம் மட்டும்தானா கப்பலேறும்?

"மானம்தான் கப்பலேறும்னு கேள்விப்பட்டிருக்கேன். நான் எதுக்குடி ஏறணும்?"

அலாஸ்கா குரூஸ் என்று நான் ஆரம்பித்ததுமே திருச்சியிலிருந்து அம்மா போனில் கேட்ட கேள்வி இது. அம்மாவின் கோபத்தில் நியாயம் இருந்தது. 2018-ல் அப்பாவும் அம்மாவும் முதல்முறை இங்கே அமெரிக்காவுக்கு வந்தபோது, மியாமியிலிருந்து பஹாமாஸ் போகும் நாலு நாள் கப்பல் ஒன்றில் அழைத்துப் போயிருந்தேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. தப்பு கப்பல் மேல் இல்லை, விலையை மட்டும் பார்த்து புக் பண்ணிய என் மேல்தான். எங்கள் கேபினுக்கு நேர் மேலே நீச்சல்குளம். ராத்திரி ஒரு மணி வரை டிஜே. அது அடங்கித் தூங்கினால், விடிகாலை ஐந்து மணிக்கு நாற்காலிகளைத் தரதரவென்று இழுத்துப் போடுவார்கள். சாப்பாட்டுக் கூடமோ கப்பலின் அடுத்த கோடியில். மூன்றாம் நாள் அம்மா கேபினை விட்டு வெளியே வரவே இல்லை. அப்பா மட்டும் ஒரு ஐஸ்கிரீம் கோனைக் கையில் வைத்துக்கொண்டு, ஆடுகிற இளவட்டங்களை வேடிக்கை பார்த்தபடி தனியாக உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சி இன்னும் எனக்கு உறுத்தல்.

2023-ல் அவர்கள் திரும்ப வருவது உறுதியானதும், இந்த முறை ஒழுங்காகத் தேட வேண்டும் என்று முடிவு செய்தேன். அப்பாவுக்கு அப்போது 76, அம்மாவுக்கு 71. அம்மாவுக்கு வலது முழங்கால் மாற்றியாகிவிட்டது, இடது வரிசையில் நிற்கிறது. அப்பாவுக்குக் கால் நன்றாக இருக்கிறது, காதுதான் மந்தம். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர் வேறு எப்படி இருப்பார்.

நாங்கள் இருப்பது சியாட்டில் பக்கம். அலாஸ்கா கப்பல்கள் வீட்டிலிருந்து அரை மணி தூரத்திலேயே கிளம்புகின்றன. பெரியவர்களை மறுபடி விமானத்தில் ஏற்ற வேண்டாம், பெட்டி எடை பார்க்க வேண்டாம். அதனால் சியாட்டில்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்திருந்தேன். தேடத் தேடத்தான் அதில் இரண்டு சங்கதி இருப்பது தெரிந்தது.

முதலாவது கடல். சியாட்டிலில் கிளம்பும் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு வெளிப்பக்கமாக, திறந்த பசிபிக்கில் ஏறிப் போகின்றன. காற்று அடித்தால் ஆட்டம் இருக்கும். கனடாவின் வான்கூவர் நகரில் கிளம்பும் கப்பல்கள் அந்தத் தீவுக்கும் கரைக்கும் நடுவே இருக்கும் இன்சைட் பாசேஜ் வழியாகப் போகும். இரண்டு பக்கமும் மலை, நடுவில் பெரும்பாலும் ஏரி மாதிரித் தண்ணீர். துவாக்குடி பஸ்ஸிலேயே எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வரும் ஆள் என் அம்மா.

இரண்டாவது விசா. 1886-ல் போட்ட ஒரு அமெரிக்கச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி கட்டிய பயணிகள் கப்பல், நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொடாமல் அமெரிக்காவில் கிளம்பி அமெரிக்காவிலேயே சுற்றிவிட்டு வந்து சேரக் கூடாது. பெரிய குரூஸ் கப்பல்கள் அநேகமாக எல்லாமே பஹாமாஸ், பெர்முடா, பனாமா, நெதர்லாந்து என்று ஏதோ ஒரு கொடியில்தான் ஓடுகின்றன. அதனால் சியாட்டில் கப்பல்கள் ஒரு சாயங்காலம் கனடாவின் விக்டோரியாவில் நின்றுவிட்டு வரும். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு அந்த ஒரு சாயங்காலத்துக்காகவே கனடா விசா வேண்டும். "நாங்க இறங்கவே மாட்டோம், கப்பல்லயே இருக்கோம்" என்று சொல்லிப் பயன் இல்லை, கிளம்பும் இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். முதலில் நான் பேசிய ஏஜென்ட் இதைப் பற்றி மூச்சே விடவில்லை. நானாகக் கேட்ட பிறகு "ஓ, இந்தியன் பாஸ்போர்ட்டா?" என்றார்.

எப்படியும் விசா எடுத்தாக வேண்டும் என்றால் வான்கூவரிலேயே ஏறிவிடலாமே? ஆளுக்கு 100 கனடா டாலர் விசா கட்டணம், கைரேகைக்கு 85. இருவரும் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே சென்னைக்குப் போய்க் கைரேகை கொடுத்துவிட்டு வந்தார்கள். இதை மூன்று, நான்கு மாதம் முன்னாலேயே ஆரம்பித்துவிடுவது நல்லது. அமெரிக்க விசா பலமுறை நுழையும் வகையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்ப வர வேண்டுமே.

அடுத்தது, எந்தக் கப்பல். மேல்தளத்தில் கோ-கார்ட் என்ற குட்டி ரேஸ் கார் ஓட்டும் தடம் போட்ட கப்பல்கூட அலாஸ்காவுக்குப் போகிறது. என் மாமியார் வீட்டுப் பையன்களுக்கு அது சரி. நான் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: அம்மா ஒரு அடிகூட நடக்காமல் எதையெல்லாம் பார்க்க முடியும்? இதை வைத்து வடிகட்டியதும் பாதிக் கப்பல் கழன்றுவிட்டது.

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிளேசியர் பே. அலாஸ்காவில் பனியாறுகள் வந்து இறங்கும் விரிகுடா. அது தேசியப் பூங்கா, ஒரு நாளைக்கு இரண்டு பெரிய குரூஸ் கப்பல்களுக்குத்தான் அனுமதி. எல்லாக் கம்பெனிக்கும் அது கிடைப்பதில்லை. ஹாலந்து அமெரிக்கா, பிரின்சஸ் கம்பெனிக் கப்பல்கள் அதிகம் போகின்றன. அங்கே யாரும் இறங்குவதே இல்லை. பூங்கா ரேஞ்சர்கள் படகில் வந்து கப்பலில் ஏறி மைக்கில் விளக்குவார்கள். கப்பலே பனியாற்றின் முன்னால் போய் நின்று, மெதுவாகத் திரும்பி இரண்டு பக்கமும் காட்டும். முழங்கால் வலிக்காரர்களுக்கென்றே செய்து வைத்த நாள்.

ஆனால் அப்பாவிடம் ஸ்காக்வே என்ற அலாஸ்கா ஊரின் மலை ரயிலைப் பற்றி நான் உளறித் தொலைத்திருந்தேன். அந்த ஊர் இல்லாத கப்பலை இனிமேல் அவரிடம் பேசவே முடியாது. கிளேசியர் பேயும் வேண்டும், ஸ்காக்வேயும் வேண்டும், வான்கூவரில் ஏறி வான்கூவரிலேயே இறங்க வேண்டும். இப்படித் தேடித்தான் ஹாலந்து அமெரிக்காவின் கோனிங்ஸ்டாம் வந்து சேர்ந்தது. ஏழு ராத்திரி, வழியில் ஜூனோ, ஸ்காக்வே, கிளேசியர் பே, கெச்சிகன். அந்தக் கம்பெனிக் கப்பல்களில் வயதானவர்கள்தான் அதிகம் என்று இளசுகள் கேலி செய்வார்கள். எனக்கு அதுதானே வேண்டும்.

கேபின் விஷயத்தில் கொஞ்சம் அதிகமாகவே மண்டையை உடைத்துக்கொண்டேன். பஹாமாஸ் பட்ட பாடு. கப்பலின் தள வரைபடம் இணையத்தில் கிடைக்கிறது. நம் கேபின் இருக்கும் தளத்தை மட்டும் பார்த்தால் போதாது. மேல் தளத்தையும் கீழ் தளத்தையும் பக்கத்தில் வைத்து, தலைக்கு மேல் என்ன, காலுக்குக் கீழ் என்ன என்று பார்க்க வேண்டும். மேலேயும் கீழேயும் கேபின்களே இருந்தால் உத்தமம். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளமாக எடுத்தால் ஆட்டம் குறைவு. லிஃப்டுக்குப் பக்கத்தில் வேண்டும், ஆனால் லிஃப்டை ஒட்டி வேண்டாம். சில கேபின்களின் ஜன்னலை உயிர்காக்கும் படகு மறைத்துக்கொண்டு தொங்கும், விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

அப்புறம் குளியலறை. இதை யாரும் கேட்பதில்லை. சில கப்பல்களின் பால்கனி கேபின்களில் குளியல் தொட்டி இருக்கும். படத்தில் பார்க்க அழகுதான். ஈரக் காலோடு அந்த விளிம்பைத் தாண்டி உள்ளே போவது, மாற்றிய முழங்காலுக்கு ஆகாத வேலை. ஷவர் மட்டும் உள்ள கேபின் என்று கேட்டு வாங்கினேன். வாசலில் ஒரு சின்னப் படி அப்படியும் இருந்தது. முதல் நாளே அதில் ஒரு சிவப்புத் துண்டைப் போட்டு வைத்தோம், ராத்திரி தூக்கக் கலக்கத்தில் தெரிவதற்காக.

அவர்களுக்கு பால்கனி கேபின், எனக்கு நடைக்கு எதிர்ப்பக்கத்தில் ஜன்னலே இல்லாத மலிவான உள் கேபின். என் கணவருக்கு லீவு இல்லை. கதவைத் திறந்தால் நாலு அடியில் அம்மா கதவு. இந்த ஏற்பாட்டை யாருக்கும் சிபாரிசு செய்வேன்.

பணத்தில் ஒன்று சொல்ல வேண்டும். விளம்பர விலையில் டிப்ஸ் சேராது. 2023-ல் தலைக்கு ஒரு நாளைக்கு 16, 17 டாலர் தனியாகப் பிடித்தார்கள், இரண்டு பேருக்கு ஏழு நாளில் 200 டாலரைத் தாண்டியது. அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. இன்ஷூரன்சும் தனி. ஊரிலிருந்து வருபவர்களுக்கு எடுக்கும் சாதாரண பாலிசி கப்பலிலும் கனடாவிலும் செல்லுமா, ஹெலிகாப்டரில் தூக்க வேண்டி வந்தால் யார் காசு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும், துறைமுகத்தில் கொடுத்த பெட்டி கேபினுக்கு வர சாயங்காலம்கூட ஆகலாம்.

ஜூன் மாதம் கிளம்பினோம். வான்கூவர் துறைமுகத்தில் பாதுகாப்புச் சோதனை, அமெரிக்க குடியேற்றச் சோதனை (கப்பல் அலாஸ்கா போவதால் அதை அங்கேயே முடித்துவிடுகிறார்கள்), பிறகு கப்பல் செக்-இன் என்று வரிசை வரிசையாக நிற்க வேண்டும். சக்கர நாற்காலி முன்பே சொல்லி வைத்திருந்தேன். அப்பா "நான் என்ன நோயாளியா?" என்று முறைத்தார். அம்மா ஏறி உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "என்னங்க, பின்னாடியே வந்துடுங்க, தொலைஞ்சு போயிடாதீங்க" என்றாள்.

சாப்பாடு நான் பயந்த அளவுக்கு இல்லை. முதல் ராத்திரியே மேஜைக்காரரிடம் சொல்லிவிட்டால், மறுநாளிலிருந்து ஒரு பருப்பும் ஒரு காய்கறிக் கூட்டும் வரும். செவ்வாய், வெள்ளி அம்மா சைவம், அதற்கும் குறை இல்லை. காலையில் பஃபேயில் சாதமும் தயிரும் வாங்கிக்கொண்டால் முடிந்தது, கையோடு கொண்டுபோன பாக்கெட் ஊறுகாய் இருக்கவே இருக்கிறது. கெட்டிலுக்கு அனுமதி இல்லை, வெந்நீருக்கு ஆளைக் கூப்பிட வேண்டும். விளக்கும் ஊதுபத்தியும் கூடவே கூடாது. அம்மாவுக்கு அதைவிடப் பெரிய பிரச்சினை, விளக்கு வைக்கிற நேரம் எது என்பது. ஜூனோவில் ராத்திரி பத்து மணிக்கு வெளிச்சம் அப்படியே நிற்கிறது. கடைசியில் கைக்கடிகாரம் காட்டும் ஆறரையை நம்பி, பால்கனிக் கதவைத் திறந்து வைத்து ஒரு கும்பிடு போடுவதோடு விட்டாள்.

ஸ்காக்வே. தங்கம் தேடிப் போனவர்களுக்காக 1898-ல் போட ஆரம்பித்து 1900-ல் முடித்த ரயில் பாதை. இருபது மைலில் கிட்டத்தட்ட மூவாயிரம் அடி ஏறுகிறது. சக்கர நாற்காலியை ஏற்றும் லிஃப்ட் வைத்த பெட்டி உண்டு, முன்கூட்டியே கேட்க வேண்டும். போக வர மூன்று மணி நேரம் உட்கார்ந்தே பார்க்கலாம். அப்பா வண்டியில் ஏறும் முன் குனிந்து தண்டவாளத்தைப் பார்த்தார். "மூணு அடி கேஜ். நம்ம மீட்டர் கேஜைவிட நாலு விரக்கடை கம்மி." வண்டி கிளம்பி அருவி, பாலம், பள்ளத்தாக்கு என்று எல்லோரும் செல்போனைத் தூக்கிக்கொண்டிருக்க, அவர் சக்கரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மந்தமான காதுக்கு அது மட்டும் எப்படிக் கேட்டதோ. "பல்சக்கரம் கிடையாது. ஊட்டி ரயில் பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி ஏறும். இது அதுல பாதிகூட இல்லை." அவர் சொன்னது சரிதான், அப்புறம் பார்த்தேன். உச்சியில் எஞ்சினை மறுபக்கம் கொண்டுபோய் மாட்டுகிறார்கள். நம் இருக்கையின் முதுகைப் புரட்டிப் போட்டு எதிர்ப்பக்கம் மாறி உட்காரச் சொல்கிறார்கள், எல்லோருக்கும் பள்ளத்தாக்கு தெரிய வேண்டும் என்று. அந்த இருக்கை முதுகை அப்பா மூன்று தடவை புரட்டிப் பார்த்தார்.

மறுநாள் கிளேசியர் பே. மார்ஜரி பனியாறு தண்ணீருக்கு மேல் சுமார் 250 அடி நிற்கிறது, கிட்டத்தட்ட நம் மலைக்கோட்டை உயரம், ஒரு மைல் அகலத்துக்கு. அம்மா பால்கனியில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு, இடது காலை ஸ்டூலில் நீட்டி வைத்திருந்தாள். ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு மூலை பெயர்ந்து விழுந்தது. முதலில் விழுவது தெரிந்தது, சத்தம் கொஞ்சம் தாமதித்து வந்தது, ஒர்க்‌ஷாப்பில் இரும்புத் தகட்டைக் கீழே போட்டாற்போல். அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "எனக்கே கேட்டுதுடி" என்றார்.

ஜூனோவில் துறைமுகத்துக்கு எதிரிலேயே கேபிள் கார், ஏறி இறங்கினோம். கெச்சிகனில் மழை. அந்த ஊரில் மழை பெய்யாவிட்டால்தான் செய்தி.

ஒன்றை விட்டுவிட்டேன். குளியலறையில் மக் இருக்காது என்று தெரிந்து, இந்தியக் கடையில் ஒரு டாலருக்கு ரோஸ் கலர் பிளாஸ்டிக் மக் வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தேன். எங்கள் கேபினைப் பார்த்துக்கொண்ட பையன் இந்தோனேசியாக்காரன். அவனுக்கு அது என்னவென்று நன்றாகத் தெரிந்திருந்தது. கெச்சிகன் போன அன்று நனைந்துபோய்த் திரும்பி வந்தால், அம்மாவின் படுக்கை மேல் துண்டை மடித்துச் செய்த யானை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. தூக்கிய தும்பிக்கையில் அந்த ரோஸ் கலர் மக். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, "பிள்ளையாரப்பா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இறங்குகிற நாள் வரைக்கும் அதைக் கலைக்க யாரையும் விடவில்லை. குளிக்க மட்டும் மக்கை மெதுவாக உருவி எடுத்து, முடிந்ததும் துடைத்துத் திரும்ப மாட்டிவிடுவாள்.